கரண்ட் போன வருடங்களும் தேர்தல் வந்த வருடங்களும்

 

ஓப்பநாயக்க, பெல்மதுளை, கஹவத்தை, பலாங்கொடைப் பக்கத்து உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பிரயோசனம் என்று பட்டால் உங்கள் ஊர், தோட்டக் குழுக்களிலும் பகிருங்கள்.

கரண்ட் பில் கூடினாலும் குறைந்தாலும், ஒரு மணித்தியாலம் வெளிச்சம் போனாலும் நம் ஆட்கள் உடனே இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் "இந்த அரசாங்கத்தால்தான்" என்கிறது. மறு பக்கம் "போன அரசாங்கம் செய்துவைத்த வேலை" என்கிறது. கடைத்தெருவிலும் பஸ்ஸுக்குள்ளும் பள்ளிவாசல் முற்றத்திலும் இதே வழக்குத்தான். வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்குப் படுவது, இரண்டு பக்கமும் பாதிச் சாட்சியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதிக்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும். அந்த நூறு வருடத்தில் நம் இரத்தினபுரி மாவட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது ஒரு வரியோடு போய்விடுகிறது.

இலங்கையில் வியாபார ரீதியாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 1895இல், கொழும்புக் கோட்டையில். வெள்ளைக்காரக் கம்பனி ஒன்றின் வேலை அது. ஹோட்டலுக்கும் கந்தோர்களுக்கும் வெளிச்சம், பிறகு வீதியில் ட்ராம் வண்டி. அந்தக் கரண்டுக்கு வெளிநாட்டிலிருந்து எரிபொருள் கொண்டுவர வேண்டும். நம் மலைகளில் ஓடிய தண்ணீர் சும்மா கடலுக்குப் போனது.

அந்தத் தண்ணீரைக் கண்டவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற இலங்கைப் பொறியியலாளர். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயாப் பக்கம் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டவர் அவர் என்பார்கள். தங்கம் தேறவில்லை. ஆனால் லக்ஷபான, அபர்டீன் நீர்வீழ்ச்சிகளின் உயரத்தையும் ஓட்டத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பினார். மாணிக்கக் குழி தோண்டுகிற ஊர்க்காரராகிய நமக்கு இது நன்றாக விளங்கும். தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். நீர்மின்சாரம் வந்தால் ரயிலை ஓட்டலாம், தொழிற்சாலை நடத்தலாம், எரிபொருள் இறக்குமதியைக் குறைக்கலாம் என்று எண்ணிக்கையோடு காட்டினார். 1920களில் லக்ஷபானவில் வேலை தொடங்கியது. இடையில் நின்றும் போனது. செலவு கூட என்றார்கள்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். அரச சேவையை விட்டு வந்து தேர்தலில் இறங்கினார். 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் அது. வயது வந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த தேர்தலும் அதுதான். அவர் வென்ற தொகுதி எது தெரியுமா? இரத்தினபுரி. இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை என்று புத்தகம் சொல்கிற மனிதரைச் சபைக்கு அனுப்பியது நம் மாவட்டத்து வாக்கு.

சபைக்குள் போயும் அவருக்கு உடனே எதுவும் கைகூடவில்லை. திட்டம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. முதலாவது லக்ஷபான மின்நிலையம் 25 மெகாவாட்டோடு இயங்கத் தொடங்கியது 1950இல். கட்டுரை வாசித்து 32 வருடங்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு 1953இல் காலமானார்.

32 வருடத் தாமதம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கதையில் தண்ணீர்ப் பற்றாக்குறையைவிடப் பெரிய பற்றாக்குறை முடிவுப் பற்றாக்குறைதான்.

1950க்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்கள் பெற்றிருந்தது. அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதிகளில் கேட்பதற்கு ஆளில்லை. வாக்குப் போன மறுவருடம் லக்ஷபானவில் விளக்கு எரிந்தது. மின்சாரம் பிறந்த மலையில் கொழுந்து கிள்ளிய மக்களின் லயன்களுக்கு மேலால் உயர் அழுத்தக் கம்பி கொழும்புக்குப் போனது. கம்பிக்குக் கீழே குப்பி லாம்பு.

தேயிலைத் தொழிற்சாலைகள் இருளில் இருக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே பல தோட்டங்களில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சிறிய டர்பைன் சுற்றினார்கள். தொழிற்சாலை இயந்திரத்துக்கும் பங்களாவுக்கும் அது போதும். அதே ஓடையின் கரையில் இருந்த லயத்துக்கு ஒரு பல்ப் போடக் கனகாலம் எவருக்கும் மனம் வரவில்லை.

தொழில்நுட்பம் இல்லாமலோ தண்ணீர் இல்லாமலோ இது நடக்கவில்லை. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருப்பவருக்கு உறுதி இல்லை. இணைப்புக் கேட்டால் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். கேட்டுக் கொடுக்க ஒரு எம்.பி வேண்டும். எம்.பிக்கு அவர்களுடைய வாக்கு வேண்டியதில்லை. இந்தச் சங்கிலி அறுபடத் தொடங்கியது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறிய பிறகுதான். எஞ்சியவர்களுக்கு 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களில் வெளிச்சம் வந்த வருடங்களை மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 1990களையும் 2000களையும்தான் சொல்வார்கள்.

தோட்டத்துக்கு மட்டும்தான் இப்படி என்று சொன்னால் அது நீதியாகாது. சப்ரகமுவவின் உள் கிராமங்களில் இருந்த சிங்கள மக்களுக்கும் கம்பம் வரவில்லை. வாக்கு இருந்தது, ஆனால் சிறிய கிராமம், தூரமான மலை, தேர்தல் கணக்கில் பெறுமதி குறைவு. 1990களில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பல கிராமங்கள் சங்கம் அமைத்து, தாங்களே வாய்க்கால் வெட்டி, தொண்டு நிறுவனங்களின் உதவியோடு சின்னச் சின்ன நீர்மின் திட்டங்கள் போட்டார்கள். வீட்டுக்கு இரண்டு மூன்று பல்ப்தான், ஆனால் சொந்த உழைப்பு. பிறகு தேசிய மின்கம்பி வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன.

கம்பி வராத காலத்தின் விலை என்னவென்று வைத்தியசாலைகளுக்குத் தெரியும். குப்பி லாம்பு தட்டுப்பட்டுத் தீக்காயத்தோடு வருகிற பிள்ளைகளையும் பெண்களையும் பார்த்துப் பார்த்து மனம் நொந்த விஜய கொடகும்புற என்ற சத்திர சிகிச்சை நிபுணர், எளிதில் சரியாத, குட்டையான, பாரமான கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு டொக்டர் விளக்குச் செய்ய வேண்டி வந்தது என்றால், விளக்குக் கொடுக்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

இனி மின்வெட்டுக்கு வருவோம்.

இலங்கை மின்சார சபை 1969 நவம்பரில் உருவானது. அதே வருடம் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் வந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் போனது. இன்றும் கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது அந்தப் பழைய நகரத்தின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடிபாடுகள் வெளியே தெரியும். எல்லாச் சமூகமும் தன் வணக்கஸ்தலத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துத்தான் நாட்டுக்கு வெளிச்சம் வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது?

1977இல் வந்த ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம், முப்பது வருடத்துக்குப் போட்டிருந்த மகாவலித் திட்டத்தை ஆறு வருடத்துக்குச் சுருக்கியது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று 1980களின் நடுவில் அடுத்தடுத்து எழுந்தன. விக்டோரியாவைத் திறக்க 1985இல் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சரே வந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கட்சி அரசியல் எப்போதும் கெடுதல் மட்டும் செய்வதில்லை. பெயர்ப் பலகையில் பெயர் வர வேண்டும் என்ற ஆசையே சில நேரம் அணையையும் கட்டும். ஆனால் தன் ஆட்சிக்குள் முடிகிற வேலைக்குத்தான் அந்த ஆசை வரும். பத்து வருடம் கழித்து எதிராளி திறந்துவைக்கப் போகிற மின்நிலையத்துக்கு எவரும் அவசரப்படுவதில்லை.

நம் வீட்டுப் பக்கத்து அணைக்கு வருவோம். பெலிஹுல்ஓயாவுக்குக் கீழே, வளவை கங்கையை மறித்துக் கட்டிய சமனலவெவ. 120 மெகாவாட். 1992இல் இயங்கத் தொடங்கியது. அந்த இடத்துக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. அணை கட்டுமுன் செய்த தொல்லியல் ஆய்வில், ஆயிரம் வருடத்துக்கு முன்பே அந்த மேட்டுச் சரிவுகளில் பருவக்காற்றின் வேகத்தைக் கொண்டே உலை மூட்டி இரும்பும் உருக்கும் எடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. உலகத்தின் பெரிய விஞ்ஞான சஞ்சிகையான நேச்சர் 1996இல் அந்த ஆய்வை வெளியிட்டது. இயற்கை தருவதை அளந்து பயன்படுத்தத் தெரிந்த மக்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

நம் காலத்து அளவு அவ்வளவு சரியாக அமையவில்லை. சமனலவெவயின் வலது கரையில் சுண்ணக் கல் பாறையில் பொந்துகள். தண்ணீர் நிரப்பிய 1992இலேயே மலைச்சரிவு உடைத்துக்கொண்டு கசிவு வெளிவந்தது. பிறகு நீருக்கடியில் களிமண் கொட்டியும் முழுதாக அடைபடவில்லை. கசிகிற தண்ணீர் கல்தொட்டைப் பக்கத்து வயலுக்கு உதவுகிறது என்பது ஒரு ஆறுதல்.

அணைகள் வந்தும் நாடு தப்பவில்லை. 1990களின் நடுப்பகுதி வரை நம் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு மழைத் தண்ணீர்தான். நல்ல மழை வருடங்களில் மலிவான கரண்ட், எல்லாருக்கும் சந்தோசம். நிலக்கரி மின்நிலையம் ஒன்று வேண்டும் என்று பொறியியலாளர்கள் 1980களிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருகோணமலை என்றார்கள், யுத்தம். தெற்கே மாவெல்ல என்றார்கள், எதிர்ப்பு. கடைசியில் புத்தளம் நுரைச்சோலை என்றார்கள். அங்கே மீனவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தார்கள். அவர்களுடைய பயம் பொய்யானதல்ல. நிலக்கரிச் சாம்பல் அந்த மக்களை இன்றும் வருத்துகிறது. எதிர்ப்பு வந்தால் ஒன்று அதற்குப் பதில் சொல்லிக் கட்ட வேண்டும், அல்லது வேறு வழியைச் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி வந்து இரண்டையும் செய்யவில்லை. தேர்தல் முடியட்டும் என்று வைத்தார்கள்.

1996இல் மழை பொய்த்தது. மணிக்கணக்கில் மின்வெட்டு. அந்த வருடம் மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே கிடந்தது. நடுத்தர வயதுக்காரருக்கு நினைவிருக்கும், "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டுத்தான் கலியாண வீட்டுக்குப் போவோம். பள்ளிவாசலில் தொழுகை நேர அட்டவணைகள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் இருட்டில் பாடசாலைக்கு நடந்தார்கள். மின்நிலையம் கட்டாத நாடு மணிக்கூட்டு முள்ளைத் திருப்பிச் சமாளித்தது.

அதிலிருந்து பாடம் படித்திருந்தால் 2001 வந்திருக்காது. ஐந்தே வருடத்தில் மறுபடி வரட்சி, மறுபடி மாதக்கணக்கில் வெட்டு. அந்த வருடம் ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது, உலகச் சந்தையும் விழுந்தது. எல்லாம் சேர்ந்து சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது, 1.5 வீதம். டிசம்பரில் தேர்தல், ஆட்சி மாறியது. மின்வெட்டு நின்றது 2002 மே மாதம். அதற்குள் கூடிய விலைக்கு டீசல் மின்சாரம் வாங்கிப் பழகிவிட்டோம். அவசரக் கொள்வனவு என்று அதற்குப் பெயர். திட்டமிடாதவன் கடைசி நிமிடத்தில் வாங்குகிற சாமான் எப்போதும் விலை கூட, அதில் தரகர்களும் கூட.

2002இல் மின்சார சபையை மறுசீரமைக்க ஒரு சட்டம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2004இல் ஆட்சி மாறியது. சட்டம் புத்தகத்தோடு நின்றது. 2024 ஜூனில் இன்னொரு மின்சாரச் சட்டம் நிறைவேறியது. சில மாதங்களில் ஆட்சி மாறியது. 2025இல் புதிய அரசாங்கம் அதைத் திருத்தியது. தனியார்மயம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஒரு வீட்டுக்குத் திட்டம் கீறியவர் மாறும்போதெல்லாம் அத்திவாரத்தைத் தோண்டினால் கூரை எப்போது போடுவது?

மேல் கொத்மலைக் கதை நம் மலையக உறவுகளுக்குத் தெரியும். தலவாக்கலையில் 150 மெகாவாட். சென் கிளேயர் நீர்வீழ்ச்சி போய்விடும், குடும்பங்கள் இடம்பெயரும் என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் நீண்ட காலம் எதிர்த்தது. கூட்டணி அரசாங்கங்களுக்கு அந்த ஆசனங்கள் தேவைப்பட்டதால் திட்டம் நின்று நின்று போனது. கடைசியில் எதிர்ப்பு விலக்கப்பட்டது, 2012இல் மின்நிலையம் இயங்கியது, நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தன. 1950இல் வாக்கில்லாத மக்களின் தலைக்கு மேலால் கம்பி போனது. வாக்கு இருந்த காலத்தில் அதே மக்களைக் கேட்காமல் அணை கட்ட முடியவில்லை. தாமதத்தால் நாட்டுக்கு நட்டம்தான். ஆனால் கேட்கப்படுகிற மக்களுக்கும் கேட்கப்படாத மக்களுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்டாது.

நுரைச்சோலையின் முதலாவது பகுதி 2011 மார்ச்சில் இயங்கியது. 2014இல் 900 மெகாவாட்டும் நிறைவானது. அந்த வருடம் செப்டெம்பரில் மின்கட்டணம் 25 வீதம் குறைக்கப்பட்டது. நாம் எல்லாரும் சந்தோசப்பட்டோம். நான்கு மாதத்தில் ஜனாதிபதித் தேர்தல் என்பதை அப்போது அதிகம் பேர் பேசவில்லை. தேர்தலில் ஆட்சி மாறியது. வந்தவர்கள் கட்டணத்தைத் தொடவில்லை. 2019இல் மறுபடி ஆட்சி மாறியது. அவர்களும் தொடவில்லை. எரிபொருள் விலை ஏறி இறங்கியது, ரூபாயின் பெறுமதி விழுந்தது, கட்டணம் மட்டும் எட்டு வருடம் அதே இடத்தில். 2019 மார்ச், ஏப்ரலில் வரட்சியால் வெட்டியபோதுகூட நாம் படிக்கவில்லை. சபையின் நட்டம் அரச வங்கிகளின் கடனாகவும், எரிபொருள் கூட்டுத்தாபனத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியாகவும் ஏறியது. கடைக்குக் கடன் வைத்துச் சாப்பிடுகிற வீட்டில் சோறு மலிவாகத்தான் தெரியும்.

பிறகு 2022. டொலர் இல்லை, எண்ணெய்க் கப்பல் கடலில், அணையில் தண்ணீர் குறைவு. ஊர்களை ஆங்கில எழுத்துகளால் குழுக் குழுவாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று பிள்ளைகள் பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் பாடமாக்கினார்கள். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் வெட்டு. அன்றிரவுதான் மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் மக்கள் திரண்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் ரமழான் தொடங்கியது. பல வீடுகளில் மெழுகுதிரியோடுதான் ஸஹர். மண்ணெண்ணெய்க்கும் வரிசை என்பதால் லயத்தில் பழைய குப்பி லாம்புக்குக்கூட வழியில்லை. ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். இலங்கை வரலாற்றில் மின்வெட்டு இப்படி நேரடியாக ஆட்சியை அசைத்தது அதுதான்.

எட்டு வருடம் தள்ளிப்போட்ட கட்டணம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதம். 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம். அதிலும் வலி கூடியது மிகக் குறைவாகப் பாவிப்பவர்களுக்கு. மாதம் 30 அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு அலகு 2.50 ரூபாயாக இருந்தது முதலில் 8 ரூபாய், பிறகு 30 ரூபாய் ஆனது. ஒரு பல்ப்பும் ஒரு ரேடியோவும் வைத்திருந்த தோட்டத்து வீடு அது. பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலயப் பில்களும் எகிறின. கட்ட முடியாமல் நாடு முழுவதும் லட்சக்கணக்கான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 2014இல் கிடைத்த 25 வீதச் சந்தோசத்தின் பில் இது. தேர்தலுக்கு முன் குறைத்தவர் கட்டவில்லை, தொடாமல் இருந்தவர்களும் கட்டவில்லை.

ஒரு ஆசிரியராக என்னை மிகவும் வருத்தியது 2023 ஜனவரி, பெப்ரவரி. க.பொ.த உயர்தரப் பரீட்சை நடக்கிறது, நாளுக்கு 2 மணித்தியாலம் 20 நிமிடம் வெட்டு. பரீட்சை முடியும் வரை வெட்ட வேண்டாம் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. வழக்கும் போனது. வெட்டு நிற்கவில்லை. கட்டண உயர்வுக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் நின்றது, அப்போது பரீட்சை ஏறக்குறைய முடிந்திருந்தது. கட்டண உயர்வை எதிர்த்துப் பேசிய பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவரை அந்த மே மாதம் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்கில் பதவி நீக்கியது. அவர் சொன்னது சரியோ பிழையோ, சுயாதீனமாக இருக்க வேண்டிய ஆணைக்குழுவும் கட்சிக் கணக்குக்குள் வந்துவிட்டது.

அதே 2023 ஓகஸ்ட்டில் நம் சமனலவெவ நாட்டின் தலைப்புச் செய்தியானது. உடவளவைக்குக் கீழே வயல் காய்கிறது, தண்ணீர் விடுங்கள் என்று விவசாயிகள் போராட்டத்தில் இருந்தார்கள். விட்டால் தெற்கில் மூன்று மணித்தியாலம் வெட்ட நேரிடும் என்று மின்சக்தி அமைச்சு எச்சரித்தது. ஒரே அமைச்சரவையில் விவசாய அமைச்சர் ஒரு பக்கம், மின்சக்தி அமைச்சர் மறு பக்கம். கடைசியில் அமைச்சரவை தண்ணீரை விட முடிவெடுத்தது, தெற்குக்கு அவசர மின்சாரம் வாங்கவும் அனுமதித்தது. நெல்லும் வேண்டும், விளக்கும் வேண்டும். ஒரு குளத்தை இரண்டு பேர் நம்பியிருந்தால், வரட்சி வருமுன் பங்கைப் பேசி வைக்க வேண்டும். பயிர் வாடிய பிறகு பேசினால் கோசம் கூடியவர் பக்கம்தான் தீர்ப்பு.

இப்போது பிரச்சினை இன்னொரு வடிவில் வந்திருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. எல்லாரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் பகலில் கூரைச் சூரிய மின்சாரம் நிறைய, பாவனை குறைவு, அந்தச் சமநிலையைத் தாங்க வலையமைப்பு ஆயத்தமாக இல்லை என்பதுதான் பெரிய விசயம். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத்தகடுகளைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று சபை கேட்டது. ஒரு காலத்தில் கரண்ட் இல்லை, இப்போது வெயில் நேரத்தில் கூட, இரவில் குறைவு. பகல் மின்சாரத்தைச் சேமிக்க ஒரு வழி, தண்ணீரை மேலே ஏற்றி வைத்து இரவில் இறக்குவது. அப்படி 600 மெகாவாட் மகா ஓயாத் திட்டம் நம் மாகாணத்திலேயே, கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பக்கம் பேசப்படுகிறது. இதுவும் பத்து வருட வேலை. இதற்கிடையில் எத்தனை தேர்தல்?

யூசுப் நபியின் வரலாறு நாம் எல்லாரும் அறிந்ததுதான். கிறிஸ்தவச் சகோதரர்களும் அறிவார்கள். ஏழு செழிப்பான வருடம் சேமித்து வைத்துத்தான் ஏழு பஞ்ச வருடத்தை மிஸ்ர் தேசம் கடந்தது. மழை பெய்வதும் பெய்யாததும் இறைவனின் நாட்டம். மழை பெய்த வருடத்தில் களஞ்சியம் கட்டுவது மனிதனின் கடமை. நம் அரசாங்கங்கள் செழிப்பான வருடத்தில் கட்டணத்தைக் குறைத்தன, பஞ்ச வருடத்தில் மணிக்கூட்டைத் திருப்பின.

இதில் நமக்கும் பங்கு உண்டு. நம் வீதிக்கு ஒரு கம்பம், நம் சந்திக்கு ஒரு லைட் என்று கேட்டு வாக்குப் போட்டோம். அது கிடைத்தது. ஆனால் அந்தக் கம்பத்துக்குள் ஓட வேண்டிய கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள். வரட்சி வந்தால் சமனலவெவத் தண்ணீரில் வயலுக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைப்பீர்களா? 30 அலகுக்குள் பாவிக்கிற வீட்டைத் தேர்தல் சலுகையாக இல்லாமல், சட்டத்தால் நிலையாகப் பாதுகாப்பீர்களா? போன அரசாங்கம் தொடங்கிய மின்திட்டத்தை, பெயர்ப் பலகையில் உங்கள் பெயர் வராவிட்டாலும் முடிப்பீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்கிறவர் எந்தக் கட்சியானாலும் கவனித்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு, உங்கள் தோட்டத்துக்கு, உங்கள் லயத்துக்கு முதன்முதலில் கரண்ட் வந்தது எந்த வருடம்? அதற்கு முன் எது எரிந்தது? இணைப்புக்கு யாரிடமெல்லாம் அலைந்தீர்கள்? வீட்டில் உள்ள உம்மா, வாப்பா, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரும் டிவிசனும் வருடமும் போதும். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் தொகுத்து வைப்போம். லக்ஷபானவுக்கு வந்த வருடம் புத்தகத்தில் இருக்கிறது. நம் லயத்துக்கு வந்த வருடத்தை நாம் எழுதினால்தான் உண்டு.

வஸ்ஸலாம்.